ஸ்மாஷ் ரசிகர்களிடையே பகைமையும் துன்புறுத்தலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2019 ஏப்ரலில், அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் உள்ள லாரல் நகரில் பவுண்ட் என்ற வீடியோ கேம் போட்டி நடந்தது. அதன் இறுதி ஆட்டம் முடிந்த சில நொடிகளில், வென்றவரை நோக்கிக் கூட்டத்திலிருந்து ஒருவர் செத்த நண்டு ஒன்றை வீசினார். ஆடப்பட்டது நிண்டெண்டோ நிறுவனத்தின் ‘சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ் மெலீ’. வென்றவர், ஹங்ரிபாக்ஸ் என்ற ஆட்டப்பெயரால் அறியப்படும் ஹுவான் டெபியெட்மா. அந்த ஆண்டுகளில் அவரே உலகத் தரவரிசையின் முதல் ஆட்டக்காரர். தங்கள் விளையாட்டின் தலைசிறந்த ஆட்டக்காரரை அதன் ரசிகர்களே இப்படி நடத்தும் நிலை எப்படி வந்தது என்ற கேள்வியையும், அதையொட்டி எழும் பிற கேள்விகளையும் எடுத்துக்கொண்டு கீழே பதில் எழுதியிருக்கிறேன்.

ஸ்மாஷ் என்பது என்ன விளையாட்டு? அதற்கு இவ்வளவு தீவிரமான ரசிகர்கள் எப்படி வந்தார்கள்?

மரியோ, பிகாச்சு, லிங்க் போன்ற நிண்டெண்டோ கதாபாத்திரங்கள் ஒரு மேடையில் மோதிக்கொள்ளும் சண்டை விளையாட்டு இது. எதிரியை அடிக்க அடிக்க அவருடைய சேத விழுக்காடு ஏறும். விழுக்காடு ஏறிய அளவுக்கு அடுத்த அடி அவரை மேடையிலிருந்து தொலைவில் தூக்கி எறியும். மேடையைத் தாண்டி வெளியே வீழ்ந்தால் ஓர் உயிர் போகும். மெலீ போட்டி ஆட்டத்தில் ஒவ்வொருவருக்கும் நான்கு உயிர்கள், எட்டு நிமிட நேரம். 2001-இல் கேம்க்யூப் கருவிக்காக வெளிவந்த மெலீ இந்தத் தொடரின் இரண்டாவது விளையாட்டு. வீட்டில் நண்பர்கள் கூடி ஆடுவதற்கென்றே மசாஹிரோ சகுராய் இதை உருவாக்கினார். ஆனால் அதன் வேகத்திலும் நுட்பத்திலும் மயங்கிய இளைஞர்கள் தாங்களாகவே விதிகள் வகுத்து, மண்டபம் வாடகைக்குப் பிடித்து, கனமான பழைய பிக்சர் டியூப் தொலைக்காட்சிகளைச் சுமந்து வந்து போட்டிகள் நடத்தத் தொடங்கினார்கள். பரிசுப் பணத்தின் பெரும்பகுதி ஆட்டக்காரர்கள் கட்டிய நுழைவுக் கட்டணத்திலிருந்தே வந்தது. நிறுவனம் ஒன்று மேலிருந்து கட்டி எழுப்பாமல், ரசிகர்களே தங்கள் உழைப்பால் எழுப்பிய உலகம் இது. இந்த உரிமையுணர்வுதான் இதன் பெருமை; இதன் பகைமைக்கும் வேர் அதுவே. தான் சுமந்து வளர்த்த ஒன்று தனக்குப் பிடிக்காத திசையில் போகிறது என்று எண்ணுபவருக்கு வரும் கோபம், சீட்டு வாங்கி வந்து பார்த்துவிட்டுப் போகும் பார்வையாளருக்கு வருவதில்லை.

ஹங்ரிபாக்ஸ் மீது அப்படி என்ன வெறுப்பு?

அவர் ஏமாற்றியதாக யாரும் குற்றம் சாட்டவில்லை. வெறுப்புக்குக் காரணம், அவர் தேர்ந்தெடுத்த கதாபாத்திரமும் அதை ஆடிய விதமும்தான். ஜிக்லிபஃப் என்பது காற்றில் நெடுநேரம் மிதக்கக்கூடிய, உருண்டையான, இளஞ்சிவப்பு நிறக் கதாபாத்திரம். தரையில் அது மெதுவாக நகரும். காற்றில் முன்னும் பின்னும் மிதந்து, எதிரி தவறு செய்யும் வரை பொறுத்திருந்து அடிக்கும். எதிரியின் மீது ஒட்டியபடி தூங்கினால், அந்த ஒற்றைத் தொடுகையிலேயே அவரை மேடைக்கு வெளியே வீசிவிட முடியும். குறி தவறினால் தூங்கி எழும் வரை தற்காப்பில்லாமல் கிடக்க நேரும். மேடையின் விளிம்பைப் பற்றிக்கொண்டு தொங்குவது, விட்டுவிட்டு மறுபடி பற்றுவது, எதிரி தன்னிடம் வரும்படி காத்திருப்பது ஆகியவை ஹங்ரிபாக்ஸ் தேர்ந்த கலைகள். ஃபாக்ஸ், ஃபால்கோ போன்ற வேகமான கதாபாத்திரங்கள் மின்னலாகப் பாய்ந்து அடிப்பதைக் காண வந்தவர்களுக்கு இந்தக் காத்திருப்பு சலிப்பூட்டியது.

அதோடு அவர் வென்றுகொண்டே இருந்தார். 2010-களின் மெலீ உலகில் மேங்கோ, ஆர்மாடா, மியூடூகிங், பி.பி.எம்.டி., ஹங்ரிபாக்ஸ் ஆகிய ஐவரை ‘ஐந்து கடவுள்கள்’ என்றே ரசிகர்கள் அழைத்தார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனி ரசிகர் கூட்டம் இருந்தது. 2016-இல், சண்டை விளையாட்டுகளுக்காக ஆண்டுதோறும் நடக்கும் எவோ என்ற பெரிய போட்டியில் ஸ்வீடன் நாட்டு ஆர்மாடாவை வென்று ஹங்ரிபாக்ஸ் கண்ணீர் விட்டபோது, பல்லாண்டு காலம் போராடியவர் முதலிடம் பிடித்த காட்சியாக அதைப் பலரும் கொண்டாடினார்கள். 2017, 2018, 2019 ஆகிய மூன்று ஆண்டுகளும் தொடர்ந்து தரவரிசையில் அவரே முதலிடம் பெற்றார். 2018 செப்டம்பரில் ஆர்மாடா ஓய்வு பெற்ற பிறகு, ஹங்ரிபாக்ஸைத் தடுத்து நிறுத்தக்கூடியவர்கள் வெகு சிலரே எஞ்சினார்கள். முன்பு கண்ணீரைக் கண்டு நெகிழ்ந்த அதே அரங்குகளில், அவர் பெயர் அறிவிக்கப்பட்டதும் எதிர்ப்புக் கூச்சல் எழுவது வழக்கமாயிற்று.

நண்டை வீசியது ஒரு குறும்புதானே? யாருக்கும் காயம் ஏற்படவில்லையே?

காயம் உண்டா இல்லையா என்பதை மட்டும் வைத்து இதை அளக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. மேடையில் அமர்ந்து, முழுக் கவனத்தையும் திரையில் வைத்து ஆடி முடித்த ஒருவருக்கு, தன் மீது பறந்து வருவது என்ன பொருள் என்று அந்தக் கணத்தில் தெரியாது. அது நண்டாக இருந்தது தற்செயல். பொருளை வீசுவதற்கு ஒருவர் துணிந்தார் என்பதும், அதைப் பார்த்தும் கேட்டும் கணிசமானவர்கள் சிரித்து, படங்களாகவும் துணுக்குகளாகவும் பரப்பினார்கள் என்பதும்தான் இதில் கவலைக்குரியவை. சிரிப்பு அந்தச் செயலை மன்னித்துவிடுகிறது. அடுத்து ஒன்றை வீச எண்ணுபவருக்கு அது முன்கூட்டியே கிடைக்கும் அனுமதியாகவும் ஆகிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்த நண்டு திடீரென்று வானத்திலிருந்து விழவில்லை. அதற்கு முந்தைய பல மாதங்களாக நேரலையின் லைவ் சாட்டில் அவரைப் பற்றி ஓடிய வசைகள், அவர் தோற்க வேண்டும் என்பதையும் தாண்டி அவருக்குக் கெடுதல் நேர வேண்டும் என்ற தொனியில் எழுதப்பட்ட பதிவுகள், அரங்கில் எழுந்த கூச்சல்கள் ஆகியவற்றின் தொடர்ச்சி அது. இவற்றில் எந்த ஒரு படியையும் தனியாகப் பார்த்தால் அடுத்த படி பெரிதாகத் தெரியாது.

அவரே ரசிகர்களைத் தூண்டிவிட்டார் என்கிறார்களே?

வென்றதும் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்து உரக்க முழங்குவது ஹங்ரிபாக்ஸின் வழக்கம். தோற்றவர் பக்கத்து நாற்காலியில் இருக்கும்போது அப்படிச் செய்வது பண்பல்ல என்று எண்ணுபவர்கள் அதைச் சொல்லலாம், எழுதலாம். அது நேர்மையான விமரிசனம். ஆனால் ஸ்மாஷ் போட்டிகளில் பிற முன்னணி ஆட்டக்காரர்களும் இதேபோல் கொண்டாடியிருக்கிறார்கள், அதே அரங்குகள் அவர்களோடு சேர்ந்து குதித்திருக்கின்றன. பிடித்தவர் செய்தால் உணர்ச்சிப் பெருக்கு, பிடிக்காதவர் செய்தால் ஆணவம் என்று தீர்ப்பு மாறும்போது, நடத்தை அங்கே காரணமாக இல்லை என்பது தெளிவு.

சலிப்பூட்டும் ஆட்டத்தைக் கூச்சலிட்டுக் கண்டிக்கும் உரிமை பார்வையாளருக்கு இல்லையா?

உண்டு. கால்பந்திலும் கிரிக்கெட்டிலும் உள்ள அந்த உரிமையை வீடியோ கேம் பார்வையாளருக்கு மறுக்க முடியாது. கூச்சல் எழாத அரங்கை யாரும் விரும்புவதில்லை; ஸ்மாஷ் போட்டியின் அழகில் பாதி அந்தச் சத்தத்தில்தான் இருக்கிறது.

ஆயினும் கூச்சல் ஓர் எல்லையைக் கடந்தால் ஆட்டமே சிதைந்துவிடும் என்பதற்கு 2018 ஆகஸ்டில் லாஸ் வேகஸ் எவோவில் நடந்த ஸ்மாஷ் நான்காம் பாக இறுதி ஆட்டம் சான்று. அதில் மோதிய இருவரும் பயோனெட்டா என்ற கதாபாத்திரத்தையே எடுத்திருந்தார்கள். 2016-இல் அந்த விளையாட்டில் சேர்க்கப்பட்ட பயோனெட்டா, ஒரு அடியைத் தொடங்கினால் எதிரியை விடாமல் காற்றிலேயே மேலே இழுத்துச் சென்று முடித்துவிடும் ஆற்றல் கொண்டது. அதன் மீதான வெறுப்பு உச்சத்தில் இருந்த காலம் அது. ஆண்டின் மிகப் பெரிய மேடையில், தங்கள் வாழ்வின் மிகப் பெரிய ஆட்டத்தை ஆட வந்த இரண்டு இளைஞர்களை அரங்கம் எதிர்ப்புக் கூச்சலோடு எதிர்கொண்டது. அவர்களும் ஒரு கட்டத்தில் மோதாமல் நின்று நேரத்தைக் கடத்தி, அந்தக் கூச்சலுக்குத் தங்கள் பாணியில் பதில் கொடுத்தார்கள். கூச்சல் மேலும் பெருகியது. அவர்கள் செய்தது சரி என்று நான் வாதிட மாட்டேன். ஆனால் விதிப்படி அனுமதிக்கப்பட்ட கதாபாத்திரத்தை விதிப்படி ஆடி இறுதிக்கு வந்தவர்கள் அவர்கள். கதாபாத்திரம் சமநிலையைக் குலைக்கிறது என்றால், அதற்கு விடை சொல்ல வேண்டியவர்கள் அதை வடிவமைத்தவர்களும், போட்டியில் அனுமதித்தவர்களும்.

அப்படியானால் பார்க்கச் சகிக்காத ஆட்டத்துக்கு என்ன தீர்வு?

விதியை மாற்றுவதே தீர்வு, ஸ்மாஷ் சமூகம் இதைப் பலமுறை செய்தும் காட்டியிருக்கிறது. இந்தப் பக்கத்தில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான். விதிகள் நிண்டெண்டோவின் கையில் இல்லை. போட்டி அமைப்பாளர்கள் கூடிப் பேசி வகுப்பவை அவை. விளிம்பில் தொங்கியே நேரத்தைக் கடத்துவது பிரச்சினையானபோது, நேரம் முடிந்து தீர்ப்புச் சொல்லும் ஆட்டங்களில் ஒருவர் இத்தனை முறைக்கு மேல் விளிம்பைப் பற்றியிருந்தால் அவர் தோற்றவராகக் கருதப்படுவார் என்ற வரம்பைப் பல போட்டிகள் கொண்டுவந்தன. ஐஸ் கிளைம்பர்ஸ் என்னும் இரட்டைக் கதாபாத்திரத்தைக் கொண்டு, ஒருமுறை பிடித்த எதிரியைத் தப்பவே விடாமல் அடித்துக்கொண்டே இருக்கும் வாப்ளிங் என்ற உத்தி நெடுங்காலம் சர்ச்சைக்கு உள்ளாகியிருந்தது. ஆண்டுக்கணக்கில் அந்தக் கதாபாத்திரத்தை ஆடியவர்கள் ஏச்சுப் பேச்சுக்கு ஆளானார்கள். 2019-இல் பெரிய போட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக அந்த உத்தியைத் தடைசெய்தபோது, வசவாளர்கள் பத்தாண்டுகளில் சாதிக்காததை ஒரு வரி விதி சாதித்தது. அந்தத் தடை சரியா என்று இன்றும் வாதிடுகிறார்கள்; வாதம் விதியைப் பற்றியதாக இருக்கிறது, அதை ஆடுபவரின் பிறப்பையும் தோற்றத்தையும் பற்றியதாக இல்லை.

ஸ்மாஷ் தொடரில் 2018 டிசம்பரில் வந்த ‘அல்டிமேட்’ விளையாட்டில் இதே நிலை ஸ்டீவ் என்ற கதாபாத்திரத்தைச் சுற்றி எழுந்தது. மைன்கிராஃப்ட் விளையாட்டிலிருந்து 2020 அக்டோபரில் சேர்க்கப்பட்ட ஸ்டீவ், மண்ணைத் தோண்டிப் பொருள் சேர்த்து, கட்டைகளால் சுவர் எழுப்பி ஆடும் கதாபாத்திரம். 2023-இல் அதன் ஒரு குறைபாட்டைப் பயன்படுத்தும் உத்தி கண்டுபிடிக்கப்பட்டதும் அமெரிக்காவின் சில வட்டாரப் போட்டிகள் ஸ்டீவையே தடைசெய்தன, வேறு பல அனுமதித்தன. ஸ்டீவை ஆடி உலகின் முதல் வரிசைக்கு வந்த ஜப்பானிய இளைஞர் அகோலாவின் திறமையை மட்டம் தட்டிப் பேசுவது எளிது. தடை வேண்டுமா வேண்டாமா என்று அமைப்பாளர்களிடம் காரணங்களோடு வாதாடுவது கடினம். கடினமானதைத்தான் செய்ய வேண்டும்.

ஒரே தொடரின் ரசிகர்கள் தங்களுக்குள் ஏன் இவ்வளவு சண்டையிடுகிறார்கள்?

2008-இல் மெலீக்கு அடுத்த விளையாட்டான ‘ப்ரால்’ வெளிவந்தபோது, அது மெலீயைவிட வேகம் குறைந்ததாகவும், கதாபாத்திரங்கள் ஓடும்போது எதிர்பாராமல் தடுக்கி விழும்படியும் வடிவமைக்கப்பட்டிருந்தது. மெலீ ஆட்டக்காரர்கள் இதைத் தங்கள் கலைக்கு நேர்ந்த அவமதிப்பாகவே எடுத்துக்கொண்டார்கள். புதிதாக வந்த ப்ரால் ஆட்டக்காரர்களோ, பழையதைக் கட்டிக்கொண்டு அழுபவர்கள் என்று மெலீக்காரர்களை ஒதுக்கினார்கள். அந்த விரிசல் ஒருபோதும் முழுதாக மூடவில்லை.

போட்டி மேடைகளில் இடம் குறைவு என்பது இதன் பின்னால் உள்ள எளிய உண்மை. 2013-இல் எவோ அமைப்பாளர்கள் எட்டாவது விளையாட்டுக்கான இடத்தை, மார்பகப் புற்றுநோய் ஆய்வுக்கு எந்த விளையாட்டின் ரசிகர்கள் அதிக நன்கொடை தருகிறார்களோ அதற்குத் தருவதாக அறிவித்தார்கள். மெலீ ரசிகர்கள் 94,683 டாலர் திரட்டி அந்த இடத்தை வென்றார்கள். ரசிகர் போட்டி நல்ல காரியமாக மாறிய அரிய தருணம் அது. அந்தப் போட்டியின் நேரலையை நிறுத்த நிண்டெண்டோ முயன்றபோது எல்லாத் தரப்பு ரசிகர்களும் ஒன்றாக எழுந்தார்கள், சில மணி நேரத்தில் நிறுவனம் பின்வாங்கியது. 2019-இல் அதே எவோ மெலீயைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு அல்டிமேட்டை வைத்தது. மெலீ ரசிகர்களின் வருத்தம் நியாயமானது. ஆனால் அந்த முடிவை எடுக்காத அல்டிமேட் ரசிகர்கள் மீது அது கோபமாகக் கொட்டப்பட்டதற்கு நியாயம் கிடையாது.

பிற ஈ-ஸ்போர்ட்ஸ் விளையாட்டுகளிலிருந்து ஸ்மாஷ் எந்த வகையில் வேறுபடுகிறது?

லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் போன்றவற்றின் உச்சநிலைப் போட்டிகளில் ஆட்டக்காரர்கள் சம்பளம் பெறும் அணிகளைச் சேர்ந்தவர்கள். ரசிகர் இருக்கையிலும், அவர்கள் பாதுகாக்கப்பட்ட மேடையிலும் இருப்பார்கள். ஸ்மாஷ் போட்டிகள் பெரும்பாலும் திறந்த போட்டிகள். நுழைவுக் கட்டணம் கட்டிய யாரும் முதல் சுற்றில் உலகின் முதல்நிலை ஆட்டக்காரரோடு மோத நேரலாம். காலையில் ஆடித் தோற்றவரே மாலையில் பார்வையாளராக அமர்ந்து கூச்சலிடுவார். உணவு வரிசையிலும் விடுதியின் லிஃப்டிலும் இருவரும் அருகருகே நிற்பார்கள். இந்த நெருக்கத்தால் பல நட்புகள் உருவாகின்றன என்பதை மறுக்க முடியாது. ஆனால் பகைமை முற்றும்போது இடையில் நிற்கத் தடுப்பு எதுவும் இல்லை என்பதும் இதன் விளைவே.

கவனிக்கப்படாமல் போகும் பாதிப்பு ஒன்றும் இங்கே உண்டு. உச்சத்தில் இருப்பவருக்கு ஆதரவாளர்கள் இருக்கிறார்கள், வருமானம் இருக்கிறது, குரல் இருக்கிறது. அவரைப் பார்த்து ஜிக்லிபஃப் பிடித்துப்போய், தன் ஊரின் வாராந்தரப் போட்டிக்கு முதன்முறையாக வரும் பள்ளிச் சிறுவனுக்கு அவற்றில் எதுவும் இல்லை. பெரிய மேடையில் பழகிய ஏளனத்தை அந்தச் சிறிய அறைக்கும் கொண்டுவந்து அவன் மீது பொழிந்தால், அவன் மறுவாரம் வராமல் இருந்துவிடுவான். யாருக்கும் அது தெரியவும் தெரியாது.

நேரலையின் லைவ் சாட்டில் எழுதுவதை யாராவது பொருட்படுத்துகிறார்களா?

ஆட்டக்காரர்கள் படிக்கிறார்கள், அவர்களுடைய பெற்றோரும் படிக்கிறார்கள். 2016 மே மாதம் டெக்சஸ் மாநிலம் ஆஸ்டினில் நடந்த ட்ரீம்ஹேக் போட்டியில், ஹார்த்ஸ்டோன் விளையாட்டில் இரண்டாமிடம் பெற்ற கறுப்பின இளைஞர் ஆடிய நேரம் முழுவதும் ட்விட்ச் என்னும் நேரலைத் தளத்தின் லைவ் சாட் இனவெறி வசைகளால் நிரம்பியது. அவருடைய வாழ்வின் சிறந்த நாள் அப்படிப் பதிவாயிற்று. அந்த ஆண்டு டிசம்பரில், ஐயத்திற்குரிய செய்திகளை வெளியாகும் முன்பே நிறுத்திவைக்கும் தானியங்கி வடிகட்டியை ட்விட்ச் அறிமுகப்படுத்தியது. 2021-இல் போலிக் கணக்குகள் கூட்டமாகப் புகுந்து சிறுபான்மையினரான நேரலையாளர்களைத் தாக்கியபோது, செப்டம்பர் முதல் நாள் பலர் தளத்தைப் புறக்கணித்தார்கள். தொலைபேசி எண்ணைச் சரிபார்த்த பிறகே எழுத அனுமதிக்கும் வசதி அந்த மாதம் வந்தது.

வடிகட்டிகள் உதவுகின்றன, ஆனால் அவை சொற்களைத்தான் பிடிக்கும். ஒருவரை இழிவுபடுத்த ஒரு தரப்பு ரசிகர்கள் தங்களுக்குள் வழக்கமாக்கிக்கொண்ட படக்குறியையோ சாதாரணச் சொல்லையோ இயந்திரம் அறியாது. அந்த வட்டாரத்தை அறிந்த மனிதர்கள் கண்காணித்தால்தான் முடியும். பல போட்டிகளில் இந்த வேலையை ஊதியமின்றிச் செய்பவர்கள் ரசிகர்களே என்பதால், அவர்களுக்கு முதலில் நன்றி சொல்ல வேண்டும். அடுத்து அவர்களுக்கு ஓய்வும் மாற்று ஆளும் தர வேண்டும்.

இதெல்லாம் சண்டை விளையாட்டுகளின் கலாச்சாரம் என்று சொல்கிறார்களே?

இந்த வாதம் 2012 பிப்ரவரியில் வெளிப்படையாகவே முன்வைக்கப்பட்டது. காப்காம் நிறுவனம் தன் புதிய சண்டை விளையாட்டுக்காக நடத்திய இணைய நிகழ்ச்சியில், ஒரு பெண் போட்டியாளரிடம் அவருடைய அணியின் பயிற்றுநர் நாள்முழுதும் ஆபாசமாகப் பேசிவந்தார். கேள்வி எழுந்தபோது, பாலியல் சீண்டல் சண்டை விளையாட்டுச் சமூகத்தின் ஓர் அங்கம், அதை எடுத்துவிட்டால் அது அந்தச் சமூகமாகவே இருக்காது என்ற பொருளில் அவர் நேரலையிலேயே வாதிட்டார். அந்தப் பெண் போட்டியிலிருந்து விலகினார். பயிற்றுநர் பின்னர் மன்னிப்புக் கேட்டார். அதன் பிறகும் சண்டை விளையாட்டுச் சமூகம் அழிந்துவிடவில்லை. அந்தச் சமூகத்தின் உண்மையான அடையாளம் ஒருவரையொருவர் நேருக்கு நேர் உட்கார்ந்து ஆடிக் கற்றுக்கொள்வது. அதற்குச் சீண்டல் எந்த வகையிலும் தேவைப்படவில்லை.

தென் கொரியாவில் 2016-இல், ஓவர்வாட்ச் விளையாட்டில் கெகூரி என்ற ஆட்டப்பெயர் கொண்ட இளம்பெண் மிகத் துல்லியமாகக் குறிபார்த்து அடித்ததற்காகவே, மென்பொருள் வைத்து ஏமாற்றுவதாகக் குற்றம் சாட்டப்பட்டார். படப்பிடிப்புக் கருவிகளுக்கு முன் தன் கையசைவுகள் தெரியும்படி ஆடிக் காட்டி அவர் தன்னை நிரூபிக்க நேர்ந்தது. 2018-இல் ஷாங்காய் டிராகன்ஸ் அணியில் சேர்ந்து, ஓவர்வாட்ச் லீகின் முதல் பெண் ஆட்டக்காரர் ஆனார். அவர் வென்றார் என்பதால் அந்தச் சோதனை நியாயமாகிவிடாது.

2020-இல் ஸ்மாஷ் உலகில் வெளிவந்த குற்றச்சாட்டுகளைப் பற்றிப் பேசுவதும் துன்புறுத்தல் ஆகுமா?

ஆகாது. அந்த ஆண்டு ஜூலையில், முன்னணி ஆட்டக்காரர்கள் உட்படப் பலர் மீது பாலியல் அத்துமீறல் குற்றச்சாட்டுகள் பொதுவெளியில் வைக்கப்பட்டன. சிலவற்றில் பாதிக்கப்பட்டவர்கள் அப்போது சிறார்கள். அணிகள் தங்கள் ஆட்டக்காரர்களை நீக்கின. வயது வேறுபாடு பாராமல் எல்லோரும் ஒரே மண்டபத்திலும் ஒரே விடுதி அறையிலும் தங்கும் வழக்கத்தை அமைப்பாளர்கள் மறுபரிசீலனை செய்ய வேண்டியதாயிற்று. ஒருவர் செய்ததாகச் சொல்லப்படும் தீங்கை எடுத்துச் சொல்லிப் பொறுப்புக் கேட்பதும், ஒருவர் ஜிக்லிபஃப் ஆடுகிறார் என்பதற்காக அவரைத் துரத்துவதும் வேறு வேறு. இரண்டையும் ‘வெறுப்பு’ என்ற ஒரே பையில் போடுபவர்கள், பெரும்பாலும் முதல் வகைக் குரலை அடக்கவே அப்படிச் செய்கிறார்கள். அபிமான ஆட்டக்காரரைக் காக்கிறோம் என்று எண்ணி, குற்றம் சாட்டியவரின் பழைய பதிவுகளைத் தோண்டிப் பரப்பும் ரசிகர்களைப் பற்றி எனக்கு ஆழ்ந்த வருத்தம் உண்டு.

தடை விதிப்பதால் பயன் உண்டா?

ஓரளவு உண்டு. ஆனால் ஸ்மாஷுக்கு நாடு தழுவிய ஆட்சிமன்றம் ஏதும் இல்லாததால், ஒரு போட்டியில் தடை பெற்றவர் வேறு மாநிலத்தில் பெயர் பதிவதை எப்போதும் தடுக்க முடிவதில்லை. அமைப்பாளர்கள் தங்களுக்குள் பட்டியலைப் பகிர்வது, நடத்தை விதிகளை நுழைவுச்சீட்டோடு கொடுப்பது, புகார் சொல்ல யாரிடம் போக வேண்டும் என்பதை மண்டபத்தில் பெரிய எழுத்தில் ஒட்டுவது ஆகிய சிறிய ஏற்பாடுகள்தான் நடைமுறையில் வேலை செய்கின்றன.

நான் ஒரு ரசிகன். என் பக்கத்து ரசிகர்கள் எல்லை மீறும்போது நான் என்ன செய்ய முடியும்?

எதிர்த்தரப்பு ரசிகர் சொல்லும் கண்டிப்பு யாருடைய காதிலும் ஏறாது. அது போட்டியின் தொடர்ச்சியாகவே கேட்கும். தன் தரப்பு ரசிகர் சொல்வது ஏறும். மேங்கோவின் ரசிகர் ஒருவர், மேங்கோவின் மற்ற ரசிகர்களிடம், ஹங்ரிபாக்ஸின் உடல் தோற்றத்தைப் பற்றி எழுதுவதை நிறுத்தச் சொன்னால் அதற்கு எடை உண்டு. பொதுவில் சண்டையிட வேண்டியதில்லை, தனிச்செய்தியாக அனுப்பினால் போதும். வசைப் பதிவைக் கண்டிப்பதற்காகக்கூட அதைப் பகிராதீர்கள், தளத்தில் புகார் செய்யுங்கள். பகிர்ந்தால் அது மேலும் பல ஆயிரம் கண்களுக்குப் போகும். அரங்கில் இருந்தால், பக்கத்தில் ஒருவர் எதையாவது வீச ஓங்கும்போது கையைப் பிடித்துத் தடுக்கலாம், அல்லது தன்னார்வலரை அழைக்கலாம். லாரலில் அந்த நண்டோடு அமர்ந்திருந்தவரின் அருகில் இருந்தவர்களுக்கும் அந்த வாய்ப்பு இருந்திருக்கும்.

தமிழ்நாட்டிலிருந்து இணையத்தில் ஆடும் ஒருவருக்கு மிரட்டலோ ஆபாசச் செய்தியோ வந்தால் எங்கே புகார் செய்வது?

முதலில் செய்திகளை அழிக்காமல், அனுப்பியவரின் கணக்குப் பெயரும் நாளும் நேரமும் தெரியும்படி திரைப்பதிவு எடுத்து வையுங்கள். அதன் பிறகே அவரைத் தடுத்து வையுங்கள். விளையாட்டுத் தளத்தில் புகார் செய்வதோடு, மத்திய அரசின் தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும், மாவட்டத்தில் உள்ள சைபர் குற்றப் பிரிவிலும் புகார் தரலாம். 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் பெண்ணைப் பின்தொடர்ந்து தொல்லை தருவது 78-ஆம் பிரிவிலும், பெண்ணின் கண்ணியத்தைக் குலைக்கும் சொல்லும் செயலும் 79-ஆம் பிரிவிலும், மிரட்டல் 351-ஆம் பிரிவிலும் வருகின்றன. ஆபாசமானவற்றை மின்னணு வடிவில் பரப்புவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67-ஆம் பிரிவில் வருகிறது. பாதிக்கப்பட்டவர் பள்ளி மாணவர் என்றால், விளையாட்டையே பிடுங்கிவிடுவார்கள் என்ற அச்சத்தில் வீட்டில் சொல்லாமல் இருப்பது வழக்கம். ஆகவே பெற்றோர், புகாரைக் கேட்டவுடன் கைப்பேசியைப் பறிக்காமல், அந்தத் திரைப்பதிவுகளைப் பிள்ளையோடு சேர்ந்து உட்கார்ந்து வரிசைப்படுத்த உதவ வேண்டும்.